படத்தில் பார்த்த ரட்டட்டூயி, அன்றிரவே உங்கள் வீட்டில்: முழுமையான வழிகாட்டி

பிக்ஸார் நிறுவனத்தின் ‘ரட்டட்டூயி’ (2007) படத்தைக் குடும்பத்தோடு பார்த்தால், முடிந்ததும் பிள்ளைகளிடமிருந்து ஒரு கேள்வி வந்தே தீரும். கடைசியில் அந்தச் சாப்பாட்டு விமர்சகருக்குக் கொடுத்தார்களே, அதை நம் வீட்டில் செய்யலாமா? செய்யலாம். இறைச்சி, முட்டை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். தேவைப்படுவதெல்லாம் பெரும்பாலும் காய்கறிக் கடையில் இருப்பவைதான்.

ஆனால் முதல் தடவை செய்பவர்களில் பலர் நடுவழியில் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். சமையல் கடினம் என்பதால் அல்ல, வேலைகளின் வரிசை தப்பிவிடுவதால். அதனால் இந்த வழிகாட்டி செய்முறையைவிட வரிசையைப் பற்றியே அதிகம் பேசும்.

1. எந்த உணவைச் செய்யப்போகிறீர்கள்?

படத்தின் பெயரும் உணவின் பெயரும் ஒன்றுதான். ஆனால் படத்தில் தட்டில் வருவது வழக்கமான ரட்டட்டூயி அல்ல. பிரான்சின் தெற்கே, நீஸ் நகரத்திலும் சுற்றியுள்ள ப்ரோவான்ஸ் பகுதியிலும் வீடுகளில் செய்வது வேறு மாதிரி. கத்தரிக்காய், சுக்கினி (வெள்ளரிக்காய் போலிருக்கும் ஒரு காய்), குடைமிளகாய், வெங்காயம் எல்லாவற்றையும் துண்டுகளாக நறுக்கி, தனித்தனியாக ஆலிவ் எண்ணெயில் வதக்கி, கடைசியில் தக்காளியோடு ஒன்றுசேர்த்து மெல்லிய தீயில் வேகவிடுவார்கள்.

படத்தில் வருவதற்கு ‘கான்ஃபி பயால்டி’ என்று பெயர். பிரெஞ்சுச் சமையற்கலைஞர் மிஷேல் கெரார் 1976இல் வெளியிட்ட ஒரு செய்முறையை, அமெரிக்காவின் தாமஸ் கெல்லர் இந்தப் படத்துக்காக மாற்றி அமைத்தார். அடியில் குடைமிளகாயும் தக்காளியும் சேர்ந்த சாஸ், அதன்மேல் வட்டமாக அடுக்கிய மெல்லிய வில்லைகள், பரிமாறும்போது எண்ணெயும் வினிகரும் கலந்த ஒரு தூவல்.

இதை முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம் உண்டு. ரட்டட்டூயி என்று தேடி முதலில் கிடைக்கும் செய்முறையைப் பிடித்துக்கொண்டால் சட்டியில் ஒரு காய்கறிக் கூட்டு வந்து நிற்கும். ருசியாகத்தான் இருக்கும். ஆனால் வட்ட வட்டமாக நிற்கும் அந்த வண்ண வரிசைக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் முகம் வாடிவிடும். முதலில் படத்தில் வந்ததைச் செய்யுங்கள். சட்டி ரட்டட்டூயியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

2. சாஸ் படத்துக்கு முன், அடுக்குவது படத்துக்குப் பின்

படம் ஏறத்தாழ 111 நிமிடம். இந்த உணவைத் தொடக்கத்திலிருந்து முடிக்க நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. படம் பார்த்துத் திரும்பிய பிறகுதான் முதல் வெங்காயத்தை உரிப்பேன் என்றால், பசியும் தூக்கமும் முந்திக்கொள்ளும். பாதி வேலையில் பிள்ளைகள் பிஸ்கெட் டப்பாவைத் திறந்துவிடுவார்கள்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். சுடுவது, தோல் உரிப்பது, வதக்குவது போன்ற சலிப்பான பகுதியைக் காலையிலேயே பெரியவர்கள் முடித்துவிடலாம். சாஸ் சில மணி நேரம் ஆறி இருந்தால் ருசி கூடும், கெடாது. வில்லை சீவுவதையும் அடுக்குவதையும் படத்துக்குப் பிறகு வையுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அப்போது பிள்ளைகளுக்கே தெரியும், நீங்கள் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பகல் காட்சிக்குப் போனால் நேரம் நன்றாகப் பொருந்தும். நாலு மணிக்கு வீடு திரும்பி, ஐந்தேகாலுக்குள் ஓவனில் வைத்தால், ஏழரைக்கு வெளியே எடுக்கலாம். எட்டு மணிக்குச் சாப்பாடு. வீட்டிலேயே படம் போடுகிறீர்கள் என்றாலும் இதே கணக்குதான்.

3. வாங்கும்போது பார்க்க வேண்டியது: காயின் பருமன்

நான்கு பேருக்கு, 20 முதல் 22 செ.மீ. அகலமுள்ள வட்டப் பாத்திரத்துக்கான அளவு இது.

சாஸுக்கு: சிவப்புக் குடைமிளகாய் 1, மஞ்சள் குடைமிளகாய் அரை, நடுத்தர வெங்காயம் 1, பூண்டு 3 பல், பழுத்த தக்காளி 4, ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, தைம் என்ற மூலிகை ஒரு கொத்து அல்லது உலர்ந்தது அரைத் தேக்கரண்டி, உப்பு.

வில்லைகளுக்கு: நீளக் கத்தரிக்காய் 2, பச்சைச் சுக்கினி 1, மஞ்சள் சுக்கினி 1, கெட்டியான தக்காளி 5 அல்லது 6.

தூவலுக்கு: ஆலிவ் எண்ணெய் 1 மேசைக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி, கொஞ்சம் தைம், மிளகு.

எடையைவிட முக்கியமானது, வில்லையாகப் போகும் காய்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பருமனில் இருப்பது. நாலு, நாலரை செ.மீ. குறுக்களவு போதும். கடையிலேயே கத்தரிக்காயையும் சுக்கினியையும் தக்காளியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குண்டுக் கத்தரிக்காயை வாங்கிவந்தால் அதன் வில்லை மற்றதையெல்லாம் மறைத்துவிடும். அடுக்கும்போது அதைத் திருத்த வழியே இல்லை.

தக்காளியில், சாறும் புளிப்பும் நிறைந்த நாட்டுத் தக்காளி சாஸுக்கு நல்லது. வில்லைக்கு அது உதவாது, சீவும்போதே குழைந்து விதை வழிந்துவிடும். அதற்கு நீள்வட்டமாக, சதைப்பற்றோடு இருக்கும் பெங்களூர்த் தக்காளியை எடுங்கள். பச்சைக் குடைமிளகாயைத் தவிருங்கள். அது பழுக்காத காய். அதன் கசப்பு இந்தச் சாஸில் தூக்கலாகத் தெரியும்.

சுக்கினி கிடைக்காத ஊரில் பீர்க்கங்காயையும் சௌசௌவையும் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. பீர்க்கங்காய் தண்ணீர்விட்டுச் சுருங்கிவிடும். சௌசௌ வேக நேரமெடுத்து, மற்றவை குழைந்த பிறகும் நறுக்கென்று நிற்கும். அதைவிடச் சுக்கினியை விட்டுவிட்டு கத்தரிக்காய், தக்காளி இரண்டை மட்டும் மாற்றி மாற்றி அடுக்குவது மேல்.

மூலிகையில் ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சுச் செய்முறைகளில் ‘பே’ இலை என்று இருக்கும். நம் பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலை அது அல்ல. நம்முடையதில் நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடும், பட்டை வாசம் அடிக்கும். அதைப் போட்டால் சாஸ் குருமா பக்கம் சாய்ந்துவிடும். சரியான இலை கிடைக்கவில்லை என்றால் போடாமல் விடுங்கள். தைம் கிடைக்காவிட்டால் நாலைந்து ஓமத்தை நசுக்கிச் சேர்க்கலாம். இரண்டின் வாசனைக்கும் தைமால் என்ற ஒரே பொருள்தான் ஆதாரம். ஓமத்தில் அது மிகவும் கூர்மையாக இருப்பதால் நாலைந்துக்கு மேல் வேண்டாம்.

ஆலிவ் எண்ணெய்க்கு மாற்று சொல்ல மாட்டேன். இந்த உணவில் பாதி ருசி அதுதான். நல்லெண்ணெயோ கடலையெண்ணெயோ தன் வாசனையை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும். சின்ன பாட்டில் ஒன்று வாங்கினால் போதும்.

4. காலை வேலை: தண்ணீர் இல்லாத சாஸ்

குடைமிளகாயை எரிவாயு அடுப்பில் நேரடியாகத் தீயில் காட்டிச் சுடுங்கள், கொத்சுக்குக் கத்தரிக்காய் சுடுகிற அதே முறை. தோல் முழுக்கக் கறுத்ததும் ஒரு பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். உள்ளே தங்கும் ஆவி தோலைத் தளர்த்திவிடும். பிறகு விரலாலோ ஈரத் துணியாலோ துடைத்து எடுக்கலாம். குழாய்த் தண்ணீரில் காட்டாதீர்கள். சுட்டதால் வந்த வாசனையும் இனிப்பும் அதோடு கழுவிப்போகும். கறுப்பு அங்கங்கே ஒட்டியிருந்தால் பரவாயில்லை. விதையை நீக்கி மிகப் பொடியாக நறுக்குங்கள்.

தக்காளியின் அடியில் கத்தியால் கீறி, கொதிக்கும் நீரில் அரை நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். தோல் கழன்று வரும். குறுக்கே வெட்டி, ஒரு வடிகட்டிமேல் பிழிந்து விதையை எடுங்கள். வடிகட்டியில் இறங்கும் சாற்றைக் கொட்டிவிடக் கூடாது. புளிப்பும் மணமும் அதில்தான் அதிகம். சதையைப் பொடியாக நறுக்குங்கள்.

அடுத்ததுதான் நம் கை பழக்கதோஷத்தால் வழி தவறும் இடம். எண்ணெய் காய்ந்ததும் கடுகு போடத் தோன்றும், வெங்காயத்தைப் பொன்னிறமாக்கத் தோன்றும். இரண்டும் வேண்டாம். எண்ணெய் இளஞ்சூட்டில் இருக்கும்போதே வெங்காயம், பூண்டு, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, மிகச் சிறிய தீயில் எட்டுப் பத்து நிமிடம் வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடிபோல் ஆக வேண்டும், நிறம் மாறக் கூடாது. சிவந்த வெங்காயத்தின் கருகல் இனிப்பு, பிறகு வரும் காய்களின் மென்மையான ருசியை அமுக்கிவிடும். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்.

பிறகு தக்காளிச் சதை, வடிகட்டிய சாறு, தைம். இன்னும் பத்து நிமிடம். குடைமிளகாயைச் சேர்த்து, சாஸ் திரண்டுவரும்வரை விடுங்கள். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டுக்குள் தண்ணீர் ஓடி வந்து நிரம்பக் கூடாது. நிரம்பினால் இன்னும் வற்ற வேண்டும். மேலே வரப்போகும் வில்லைகள் ஓவனில் நிறையத் தண்ணீர் விடும். அடியிலும் தண்ணீர் இருந்தால் முடிவில் கிடைப்பது ரசத்தில் மிதக்கும் காய்கறிதான்.

மீதி உப்பைக் கடைசியில் போடுங்கள். முன்னால் போட்டால் சாஸ் வற்ற வற்றக் கரிப்பு ஏறிவிடும். ஒரு மேசைக்கரண்டி சாஸைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியைப் பாத்திரத்தின் அடியில் சமமாகப் பரப்பி மூடி வையுங்கள். இப்போது படத்துக்குக் கிளம்பலாம்.

5. சீவுதல்

வில்லை 2 மி.மீ. கனத்தில் இருக்க வேண்டும். கத்தியால் அத்தனை வில்லைகளையும் ஒரே கனத்தில் வெட்டுவது பழகிய கைக்கே சிரமம். வாழைக்காய் சிப்ஸ் சீவும் கட்டை இருந்தால் எடுங்கள். ஆனால் அதன் வழக்கமான இடைவெளி சிப்ஸுக்கு ஏற்றது, இதற்கு மெல்லியது. அந்தக் கனத்தில் தக்காளி கிழியும், கத்தரிக்காய் வெந்ததும் காணாமல் போகும். தகட்டைச் சற்று ஏற்றி வைக்க முடியாவிட்டால் தக்காளியையாவது கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். சீவுகட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பெரியவர்களும் காய் பாதியானதும் பிடிப்பான் கொண்டு தள்ளுங்கள்.

எல்லாம் ஒரே கனம் என்று வலியுறுத்துவது அழகுக்காக மட்டுமில்லை. கனமான வில்லை வேகும்வரை காத்திருந்தால் மெல்லியது குழைந்துபோகும்.

சீவும் வரிசை: சுக்கினி, தக்காளி, கடைசியில் கத்தரிக்காய். கத்தரிக்காய் வெட்டியதும் கறுக்கத் தொடங்கும். குழம்புக்கு நறுக்கும் பழக்கத்தில் அதைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பஞ்சுபோன்ற அந்தச் சதை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு ஓவனுக்குள் போய்க் கக்கும். காலையில் சாஸை வற்றவைத்த உழைப்பு வீண். தண்ணீர் வேண்டாம். கடைசியில் சீவி உடனே ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெயைத் தடவினால் போதும்.

6. அடுக்குதல்: பிள்ளைகளின் நேரம்

அடுக்கத் தொடங்கும் முன் மேசையைத் துடைத்துக் காலியாக்குங்கள். படத்தில் லிங்குவினி என்ற இளைஞனுக்குச் சமையலறைப் பாடம் எடுக்கும் கொலெத், வேலையிடத்தைச் சுத்தமாக வைக்கச் சொல்வது பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். நாலு தட்டில் நாலு வகை வில்லை, ஒரு கிண்ணத்தில் எண்ணெய், நடுவில் பாத்திரம். தோலும் காம்பும் மேசையில் சிதறிக்கிடந்தால் வரிசை பாதியில் குழம்பிவிடும்.

முதலில் வில்லைகளை அளவுவாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பெரியவை வெளிவட்டத்துக்கு, சிறியவை நடுவுக்கு. ஐந்து வயதுப் பிள்ளைகூட இதை அழகாகச் செய்யும்.

வரிசை ஒன்றை முடிவுசெய்து கடைசிவரை மாற்றாதீர்கள். கத்தரிக்காய், மஞ்சள் சுக்கினி, தக்காளி, பச்சைச் சுக்கினி என்று வைத்தால் நிறங்கள் எடுப்பாகத் தெரியும். ஒவ்வொன்றாகப் பாத்திரத்தில் வைப்பதைவிட, எட்டு வில்லைகளைக் கையில் அடுக்கிக்கொண்டு, சீட்டுக்கட்டை விரிப்பதுபோலச் சாய்த்துப் பரப்பினால் வேகமாக முடியும்.

பாத்திரத்தின் விளிம்பிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு வில்லையும் அரை செ.மீ.க்குச் சற்று அதிகமாக வெளியே தெரிந்தால் சரி. வெளிவட்டம் முடிந்ததும் அடுத்ததை எதிர்த் திசையில் சாய்த்து அடுக்குங்கள். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும், வெந்து சுருங்கும்போது சரியாது. நடுவில் மிஞ்சும் குழியைத் துண்டு வில்லைகளால் நிரப்பலாம்.

நெருக்கமாக அடுக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். காய் வெந்தால் சுருங்கும். இப்போது இடைவெளி தெரிந்தால் பிறகு ஓட்டை தெரியும். வரிசை கொஞ்சம் கோணலாக வந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். பிள்ளை அடுக்கியதைப் பெரியவர் கலைத்துத் திரும்ப அடுக்கினால், அடுத்த முறை அந்தப் பிள்ளை சமையலறைப் பக்கம் வராது.

மேலே மீதி எண்ணெய், ஒரு பல் பொடிப் பூண்டு, தைம், உப்பு.

7. மூடி, மெதுவாக

பேக்கிங் பேப்பரைச் சதுரமாக வெட்டி, நாலாக மடித்து, மறுபடி மூலைவாட்டில் மடித்து, முனையைப் பாத்திரத்தின் நடுவில் வைத்து, விளிம்பு வரும் இடத்தில் வெட்டினால் சரியான வட்டம் கிடைக்கும். அதை வில்லைகளின் மேல் படியும்படி வையுங்கள். பாத்திரத்தின் வாயை அலுமினியத் தாளால் இறுக்கி மூடுங்கள். மேல் வில்லைகள் தங்கள் ஆவியிலேயே வெந்து, காயாமல் இருக்க இது. மெழுகு பூசிய தாளை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

ஓவனை 140 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, மூடியபடி ஒன்றேமுக்கால் மணி நேரம் வையுங்கள். பிறகு மூடியை எடுத்து இன்னும் 25 நிமிடம். இந்த இரண்டாவது பகுதியைத் தவிர்க்காதீர்கள். தேங்கிய நீர் ஆவியாவதும் ருசி திரள்வதும் அப்போதுதான்.

பசி தாங்காமல் 200 டிகிரிக்கு ஏற்றுவது பலர் செய்யும் தவறு. தக்காளி ஓரம் கருகிச் சுருளும், கத்தரிக்காயோ நடுவில் தோல்போல வேகாமல் நிற்கும். மேசைமேல் வைக்கும் சின்ன ஓவன்களில் (ஓ.டி.ஜி.) சூடாகும் கம்பி மிக அருகில் இருப்பதால் பாத்திரத்தைக் கீழ்த்தட்டில் வையுங்கள். வெந்ததா என்று கத்தரிக்காயில் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். மற்றவை வெந்த பிறகுதான் அது வேகும்.

ஓவன் இல்லாத வீட்டில், கனமான அடியுள்ள அகலப் பாத்திரத்தை இறுக மூடி, தோசைக்கல்லின் மேல் வைத்து, மிகச் சிறிய தீயில் ஒரு மணி நேரம் விடுங்கள். கல் இல்லாமல் நேரே தீயில் வைத்தால் அடிச் சாஸ் பிடித்துவிடும். பிறகு மூடியைத் திறந்து பதினைந்து நிமிடம். மேல்நிறம் ஓவனில் வருவதுபோல வராது, ருசி வரும்.

8. தட்டில்

எடுத்தவுடன் பரிமாறாதீர்கள். கால் மணி நேரம் ஆறினால் சாஸ் இறுகி, அடுக்கு குலையாமல் வரும். நாலாக வெட்டி, தோசைத் திருப்பியை அடிவரை செலுத்தித் தூக்கித் தட்டில் இறக்குங்கள். தனியே வைத்த ஒரு மேசைக்கரண்டி சாஸோடு எண்ணெய், வினிகர், தைம், மிளகு கலந்து சுற்றிலும் சொட்டுங்கள். அந்த வினிகர்ப் புளிப்பு அவசியம். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக மெதுவாக வெந்த காய்களின் இனிப்பை அதுதான் தூக்கிக் காட்டும்.

தொட்டுக்கொள்ள மேலோடு முறுகலான ரொட்டி வேண்டும். நல்ல ரொட்டியை அதன் மேலோடு எழுப்பும் ஓசையில் கண்டுபிடிக்கலாம் என்று படத்தில் கொலெத் சொல்வதைப் பிள்ளைகளைக் கொண்டு சோதியுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு பாகெட் என்ற நீளமான பிரெஞ்சு ரொட்டி பக்கத்து பேக்கரியிலேயே கிடைக்கும். மென்மையான பால் ரொட்டி சாஸில் ஊறிக் கூழாகிவிடும்.

மிஞ்சியதை மறுநாள் குளிர்ச்சியாகவே சாப்பிடுங்கள். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

9. அடுத்த வாரங்களுக்கு

ஆர்வம் சூடாக இருக்கும்போதே அடுத்ததைத் தொடங்குங்கள். ஆனால் நேரே கேக், க்ரோசான் பக்கம் தாவாதீர்கள். மாவும் வெண்ணெயும் அடுக்கும் வேலை, நம் ஊர் வெயிலில் முதல் முயற்சியிலேயே கைவிட வைத்துவிடும்.

முதலில் இதே சாஸ். இரண்டு பங்காகச் செய்து, சூடான சாஸில் அடித்த முட்டைகளை ஊற்றி மெல்லக் கிளறினால், பிரான்சின் தென்மேற்கே பாஸ்க் பகுதியில் சாப்பிடும் பிப்பெராத் கிடைத்துவிடும். வெங்காயத்தைச் சிவக்காமல் வதக்கும் பழக்கம் இரண்டாவது தடவையில் கைக்கு வந்துவிடும்.

அடுத்து ஆம்லெட். படத்தில் ரெமி என்ற எலி காலையில் சமைப்பதும் அதுதான். வெண்ணெய் நுரைத்து அடங்கும் நேரத்தில் மூன்று முட்டையை ஊற்றி, விடாமல் கலக்கி, மேல்பகுதி இன்னும் ஈரமாக இருக்கும்போதே சுருட்டித் தட்டில் தள்ள வேண்டும். வெளியே பழுப்பு நிறமே வரக் கூடாது. ஒரு நிமிட வேலை, பிள்ளைகள் தீயைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை.

மூன்றாவதாக லீக் (வெங்காயத் தாள் போன்ற, தடித்த ஒரு காய்), உருளைக்கிழங்கு சூப். இலங்கையில் லீக்ஸ் சந்தையிலேயே கிடைக்கும். தமிழ்நாட்டில் பெரிய கடைகளில் தேட வேண்டும். இரண்டையும் சம எடையில் எடுத்து, தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்த்து, முக்கால் மணி நேரம் வேகவைத்து மசித்து, கடைசியில் கொஞ்சம் க்ரீம் ஊற்றினால் போதும். லீக்கை முழுதாகக் கழுவினால் மடல்களுக்கிடையே இருக்கும் மண் போகாது. நீளவாக்கில் பிளந்து, மடல்களை விரித்து, ஓடும் தண்ணீரில் காட்டிய பிறகு நறுக்குங்கள்.